ஒரு பெல்ட் பக்கிளுக்காக: அமெச்சூர் மவுண்டன் பைக் போட்டிகளும் நாளைய ஊக்கமருந்தும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கும் மேலே, லெட்வில் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. எங்கள் பிதுருதலாகல மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். 1980களின் தொடக்கத்தில் அருகிலிருந்த சுரங்கம் மூடப்பட்டு ஊர் வேலையிழந்து நின்றபோது, வெளியாட்களை வரவழைப்பதற்காக 100 மைல் ஓட்டப்போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். 1994இலிருந்து அதே மலைப்பாதைகளில் 100 மைல் மவுண்டன் பைக் போட்டியும் நடக்கிறது. 12 மணித்தியாலங்களுக்குள் முடிப்பவருக்கு ஒரு பெல்ட் பக்கிள் கொடுப்பார்கள். 9 மணித்தியாலங்களுக்குள் முடித்தால் அதைவிடப் பெரிய பக்கிள்.

2009இல் இந்தப் போட்டியில் முதலாவதாக வந்தவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங். இரண்டாவதாக வந்த டேவ் வீன்ஸ், அதற்கு முந்திய 6 வருடங்களும் தொடர்ந்து வென்ற உள்ளூர்க்காரர். மூன்று வருடங்களின் பின்னர் ஆம்ஸ்ட்ரோங்கின் 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதல்ல. அவருக்கு வெகுதூரம் பின்னால், 9 மணித்தியாலம் 6 நிமிடத்தில் வந்து சேரும் ஒருவரைப் பற்றியது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 45, நல்ல உத்தியோகம், இரண்டு பிள்ளைகள். அந்தப் பெரிய பக்கிளுக்கும் அவருக்கும் இடையில் இருப்பது 7 நிமிடங்கள். மொத்த நேரத்தில் அது ஒன்றரை வீதம்கூட இல்லை. ஊக்கமருந்து விற்பவர் அவருக்கு உலக சம்பியன் பட்டத்தை விற்கத் தேவையில்லை. அந்த ஒன்றரை வீதத்தை விற்றால் போதும்.

லுமாலாவில் பழகிய நமக்கு மவுண்டன் பைக் போட்டி சற்று அந்நியமானது. தடித்த ரயர், குலுக்கத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன், தார் வீதிக்குப் பதிலாகக் காடு, கல், சேறு. வீதிப் போட்டியில் முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்க்கலாம். செங்குத்தான காட்டுப்பாதையில் அது பெரிதாக உதவாது. ஏறும்போது உங்கள் கால்களும் நுரையீரலும் மட்டும்தான். ஆகவே உடலின் சக்தியில் சிறு கூடுதல் கிடைத்தாலும் அது நேரடியாக நேரத்தில் தெரியும். பெரும்பாலான இடங்களில் பார்வையாளரும் இல்லை, கமராவும் இல்லை.

அமெச்சூர்கள் உண்மையிலேயே ஊக்கமருந்து எடுக்கிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஆம்ஸ்ட்ரோங் விவகாரத்தின் பின்னர் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியமான யூ.சி.ஐ. ஒரு சுயாதீன ஆணைக்குழுவை அமைத்தது. 2015 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கை தொழில்முறை வீரர்களைப் பற்றியது என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அமெச்சூர் மட்டத்தில் ஊக்கமருந்து வேரூன்றி வருவதாகவும், மூத்தோர் போட்டிகளில் நடுத்தர வயது வர்த்தகர்கள் ஈ.பி.ஓ. ஏற்றிக்கொண்டு வெல்வதாகத் தமக்குச் சொல்லப்பட்டதாகவும் அந்த அறிக்கையில் ஒரு பகுதி இருந்தது. அதற்கு 3 வருடங்கள் முன்னர், 2012இல், நியூயோர்க்கில் நடந்த கிரான் பொன்டோ என்ற பொதுமக்கள் சைக்கிளோட்டத்தில் இரண்டு அமெச்சூர்கள் ஈ.பி.ஓ. பரிசோதனையில் அகப்பட்டிருந்தார்கள்.

ஈ.பி.ஓ. என்பது நமது சிறுநீரகம் சுரக்கும் ஹோர்மோன். என்புமச்சையிடம் மேலும் செங்குருதிக் கலங்களை உருவாக்கச் சொல்வது அதன் வேலை. செங்குருதிக் கலம் கூடினால் தசைக்குப் போகும் ஒட்சிசன் கூடும். சிறுநீரகம் செயலிழந்து குருதிச்சோகையால் அவதிப்படும் நோயாளிகளுக்காக 1989இல் அமெரிக்காவில் செயற்கை ஈ.பி.ஓ. அங்கீகரிக்கப்பட்டது. 1990களில் அது சைக்கிளோட்டத்தையே மாற்றிப்போட்டது. 2000களில் அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வந்தது. அதற்குள் மருந்து ஒரு படி கீழே இறங்கிவிட்டிருந்தது. வைத்தியசாலையிலிருந்து தொழில்முறை வீரருக்கு, அவரிடமிருந்து வசதியுள்ள பொழுதுபோக்கு வீரருக்கு. இனி வரப்போகிற எந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி யோசித்தாலும் இந்தப் பாதையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் பிரையன் போகல் இதைத் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். அவரும் ஓர் அமெச்சூர் சைக்கிளோட்ட வீரர்தான். ஐரோப்பிய மலைகளில் பல நாட்கள் நடக்கும் அமெச்சூர் போட்டியொன்றில் ஒரு வருடம் மருந்தின்றி ஓடினார். அடுத்த முறை மொஸ்கோ பரிசோதனைக் கூடத்தின் தலைவர் கிரிகோரி ரொட்சென்கோவின் வழிகாட்டலில் ஊசிகள் ஏற்றிக்கொண்டு ஓடினார். வேடிக்கை என்னவென்றால், மருந்தேற்றிய வருடம் அவருடைய இடம் முன்னேறவில்லை, பின்னுக்குப் போனது. சைக்கிளின் கியர் பழுதாகிவிட்டது. படம் அதன் பின்னர் ரஷ்ய அரசின் ஊக்கமருந்துத் திட்டத்தை நோக்கித் திரும்பி, ‘இக்காரஸ்’ என்ற பெயரில் 2018இல் ஒஸ்கார் வென்றது. ரஷ்யக் கதையின் வெளிச்சத்தில் முதல் பாதி பலருக்கு மறந்துபோனது. எனக்கு அந்த முதல் பாதிதான் அதிகம் உறுத்தியது. சாதாரண மனிதர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே இவ்வளவும் செய்ய முடிகிறது, போட்டியில் யாரும் அவரைப் பிடிக்கவுமில்லை.

இரசாயனம் பழைய கதை என்றால், மோட்டார் புதிய கதை. 2017 ஒக்டோபரில் தென்மேற்கு பிரான்ஸின் டோர்டோன் பகுதியில் ஒரு கிராமத்துப் போட்டி நடந்தது. அதில் ஓடிய 43 வயது அமெச்சூர் ஒருவரின் சைக்கிளுக்குள் மோட்டார் இருந்தது. பிடித்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோப் பாஸோன். 1999 டூர் டி பிரான்ஸில் ஊக்கமருந்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காகச் சக வீரர்களால் ஒதுக்கப்பட்டுப் பாதியில் விலகிய அதே பாஸோன்தான். அகப்பட்டவர் சொன்ன காரணம் முதுகுவலி. 5 வருடத் தடையும், நீதிமன்றத்தில் 60 மணித்தியாலச் சமூக சேவையும் கிடைத்தன. அதே வருடக் கோடையில் இத்தாலியின் பிரேசியா நகருக்கு அருகே, மூன்றாவதாக வந்த 53 வயது அமெச்சூர் ஒருவரின் சைக்கிளில் வெப்பத்தைக் காட்டும் கமரா மோட்டாரைக் காட்டிக்கொடுத்தது. இருவரும் எந்தப் பெரிய அணியையும் சேர்ந்தவர்களல்லர். பெரும் பரிசுத் தொகையும் அங்கே இல்லை.

உயர்மட்டப் போட்டியில் நிரூபிக்கப்பட்ட முதல் சம்பவம் அதற்கு முந்திய வருடத்தது. 2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் சோல்டரில் நடந்த சைக்ளோகுரொஸ் உலக சம்பியன்ஷிப்பில், 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் போட்டியிட்ட பெல்ஜிய வீராங்கனை பெம்கே வான்டென் ட்ரீஸ்ஷேவின் சைக்கிளில் மோட்டார் கண்டெடுக்கப்பட்டது. மோட்டாரும் பற்றறியும் இருக்கைக்குக் கீழுள்ள குழாய்க்குள். அதை இயக்கும் புளூடூத் பொத்தான் ஹாண்டில் பட்டியின் அடியில். அது நண்பர் ஒருவரின் சைக்கிள் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. 6 வருடத் தடை, 20,000 சுவிஸ் பிராங் அபராதம். அந்த மோட்டார் எந்த இரகசிய ஆய்வுகூடத்திலும் செய்யப்பட்டதல்ல. ஏற்றத்தில் மிதிக்கச் சிரமப்படுபவர்களுக்காக ஒஸ்திரிய நிறுவனமொன்று வெளிப்படையாக விற்ற பொருள்தான்.

இந்த மோட்டாரால் எவ்வளவு லாபம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடை. நூற்றுக்குப் பத்து என்ற சரிவில் சரளைப் பாதை. நல்ல பயிற்சியுள்ள அமெச்சூர் ஒருவர் 250 வாட் சக்தியோடு மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 9.5 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவார். மோட்டார் 50 வாட் மட்டும் கூட்டிக்கொடுத்தால் வேகம் 11 கிலோமீற்றரைத் தாண்டும். 10 நிமிட ஏற்றம், மோட்டாரின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், எட்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம்! இதற்குத் தேவைப்படும் மின்சாரம், இழப்புகளோடு சேர்த்து, 10 வாட்-மணி அளவில்தான். பழைய மடிக்கணினிப் பற்றறிகளுக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்குமே, பெருவிரல் அளவான கலங்கள், அவற்றில் ஒன்று கிட்டத்தட்ட இவ்வளவைத் தரும். அதன் எடை 50 கிராமுக்கும் குறைவு. சக்தியில் சில வீதம் கூடுவதற்காக ஈ.பி.ஓ.வுக்கு வாரக்கணக்கில் ஊசி போட வேண்டும். மோட்டாரோ பொத்தானை அழுத்திய கணத்தில் 20 வீதத்தைக் கொடுக்கிறது.

மவுண்டன் பைக்கில் இதை மறைப்பது ஒருவகையில் கடினம். இறக்கங்களில் இருக்கையைத் தாழ்த்துவதற்கான ஏறி இறங்கும் தண்டு இப்போது பெரும்பாலான மலைச் சைக்கிள்களில் உண்டு. மோட்டாரை ஒளிக்க வேண்டிய அதே குழாயை அது பிடித்துக்கொள்கிறது. இன்னொரு வகையில் இலகு. சட்டகம் தடித்தது, சேறு எல்லாவற்றையும் மூடிவிடும், சரளையில் ரயர் எழுப்பும் சத்தத்தில் மோட்டாரின் முனகல் கேட்காது. அதோடு சட்டபூர்வமான மின்சார மலைச் சைக்கிள்களே நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு போகின்றன. ஜேர்மனியின் டி.கியூ. நிறுவனம் செய்யும் ஒரு மோட்டார் 1.85 கிலோதான். உச்சத்தில் 300 வாட் தரும். மிதிப்பானின் அச்சைச் சுற்றி அது அடங்கிவிடும். தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவருக்கு அது மின்சாரச் சைக்கிளாகவே தெரியாது.

இதைத் திருட்டு என்று சொல்லக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களையும் வயதானவர்களையும் இந்த மோட்டார்கள் மறுபடியும் மலையேற்றியிருக்கின்றன. மின்சார மவுண்டன் பைக்குகளுக்கென்றே 2019இலிருந்து உலக சம்பியன்ஷிப்பும் நடக்கிறது. சிக்கல் மோட்டாரில் இல்லை. மோட்டார் இல்லாத பிரிவில் அதை ஓட்டுவதில் இருக்கிறது. உயர்மட்டத்தில் யூ.சி.ஐ. காந்தப்புல மாற்றத்தை அறியும் கையடக்கக் கருவிகளையும் எக்ஸ்ரே இயந்திரங்களையும் பயன்படுத்துகிறது. டூர் டி பிரான்ஸில் நூற்றுக்கணக்கான சைக்கிள்களை இப்படிச் சோதிக்கிறார்கள். ஆயிரம் பேர் கலந்துகொள்ளும் ஓர் அமெச்சூர் மலைப்போட்டியிலோ, இலக்கத்தைக் கொடுத்து, காலில் நேரப்பதிவுச் சிப்பைக் கட்டிவிட்டு, விசில் ஊதுகிறார்கள். அவ்வளவுதான்.

மருந்துப் பக்கத்தில் நாளை என்பது நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. ரொக்சாடுஸ்டாட் என்றொரு மாத்திரை உண்டு. ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று உடலை நம்பவைத்து, உடலே தன் ஈ.பி.ஓ.வைச் சுரக்கச் செய்வது அது. உலகிலேயே முதலாவதாக 2018 இறுதியில் சீனாவில் சிறுநீரக நோயாளிகளுக்காக அது அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் 2015இலேயே இத்தாலியத் தொழில்முறைச் சைக்கிளோட்ட வீரர் ஒருவரின் மாதிரியில் அது கண்டுபிடிக்கப்பட்டு அவருக்கு 4 வருடத் தடை விதிக்கப்பட்டது. நோயாளிக்குக் கிடைப்பதற்கு 3 வருடங்கள் முன்னரே மருந்து சைக்கிள்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இது மாத்திரை என்பதையும் கவனியுங்கள். ஊசிக்குப் பயந்து ஒதுங்கியிருந்த அமெச்சூருக்கு அந்தத் தடையும் இப்போது இல்லை.

இன்னும் மோசமானது ஜி.டபிள்யூ.1516. தசையின் தாக்குப்பிடிக்கும் திறனைக் கூட்டும் என்ற எதிர்பார்ப்பைக் கிளப்பிய ஒரு சேர்மம். விலங்குப் பரிசோதனைகளில் புற்றுநோய் தோன்றியதால் மருந்து நிறுவனம் அதைக் கைவிட்டது. 2013 மார்ச்சில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமான வாடா, வழக்கத்துக்கு மாறாக, இதைத் தொடவேண்டாம் என்று வீரர்களுக்குப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. அகப்படுவீர்கள் என்பதற்காக அல்ல, உடலுக்கு ஆபத்து என்பதற்காக. இன்றும் அது ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற லேபலோடு இணையத்தில் விற்பனையாகிறது. தொழில்முறை வீரருக்குப் பின்னால் சரியோ பிழையோ ஒரு வைத்தியர் நிற்பார். அறைக்குள் தனியாக இருந்து போத்தலைத் திறக்கும் 45 வயதுக்காரருக்குப் பின்னால் யாரும் இல்லை.

காபன் மொனொக்சைட்டும் இந்த வரிசையில் வந்துவிட்டது. குருதியின் ஹீமோகுளோபின் அளவை அளப்பதற்காகச் சிறிதளவு காபன் மொனொக்சைட்டைச் சுவாசிக்கும் ஒரு முறையைச் சில தொழில்முறை அணிகள் பயன்படுத்துவது 2024 டூர் டி பிரான்ஸ் நேரத்தில் வெளிவந்தது. அளப்பதற்கு ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் சுவாசித்தால் உடல் தான் மலையுச்சியில் இருப்பதாக நினைத்துச் செங்குருதிக் கலங்களைக் கூட்டக்கூடும் என்பதுதான் கவலை. 2025 பெப்ரவரியில் யூ.சி.ஐ. அதைத் தடைசெய்தது. பூட்டிய அறைக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்களைக் கொல்லும் அதே வாயுதான் இது. யூ.சி.ஐ.யின் தடை அதன் உரிமம் பெற்றவர்களையே கட்டுப்படுத்தும். காணொளி பார்த்துவிட்டுக் கருவி வாங்குபவரை எது கட்டுப்படுத்தும்?

மரபணு ஊக்கமருந்தைப் பற்றித்தான் ஊடகங்கள் அதிகம் பேசுகின்றன. எனக்கு அதில் அவசரக் கவலை குறைவு. 1990களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி லீ சுவீனி, தசை வளர்ச்சிக்கான மரபணுவை எலிகளுக்குள் செலுத்தி அவற்றின் தசையைப் பெருக்கிக் காட்டினார். விளையாட்டு வீரர்களும் பயிற்றுநர்களும் தங்களுக்கும் செய்துதரக் கேட்டு அவரைத் தொடர்புகொண்டார்கள். 2003இலேயே வாடா அதைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. இயற்கையான ஈ.பி.ஓ. மரபணுவின் நடுவே பயன்படாத இடைத்துண்டுகள் உண்டு, செயற்கையாகச் செலுத்தப்படும் மரபணுவில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தைக் குருதியில் தேடலாம். விலையும் தடைதான். 2022இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட ஹீமோபிலியா மரபணு சிகிச்சை ஒன்றின் விலை 35 இலட்சம் டொலர். ஆனால் ஈ.பி.ஓ.வும் ஒருகாலத்தில் எட்டாத விலையில்தான் இருந்தது.

மரபணு என்றதும் நியாயம் பற்றிய ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. 1960களில் ஒலிம்பிக் பனிச்சறுக்கில் 3 தங்கம் வென்ற பின்லாந்து வீரர் ஈரோ மான்டிரான்டாவின் குருதியில் செங்கலங்கள் அசாதாரணமாக அதிகம். சந்தேகங்கள் எழுந்தன. 1990களில் அவருடைய குடும்பத்தையே ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஈ.பி.ஓ.வுக்கு உடல் அளவுமீறி எதிர்வினை காட்டும் ஒரு மரபணு மாற்றம் அவர்களுக்குப் பிறவியிலேயே இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மற்றவர்கள் ஊசியால் பெற முயன்றதைத்தான் அவர் தாயின் வயிற்றிலிருந்தே கொண்டுவந்தார்.

அப்படியென்றால் அமெச்சூர் போட்டிகளிலும் எல்லோரையும் பரிசோதிக்கலாமே என்று தோன்றும். நுழைவுக் கட்டணத்தில் நடக்கும் ஒரு மலைப்போட்டியால் ஆய்வுகூடச் செலவைத் தாங்க முடியாது. தாங்கினாலும் பிரச்சினை முடியாது. 2018இல் அமெரிக்காவின் மூத்தோர் தேசியப் போட்டியில் 90 வயது முதியவர் ஒருவர் ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டார். முந்திய இரவு சாப்பிட்ட இறைச்சியிலிருந்து அந்தப் பொருள் வந்திருக்கலாம் என்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமே ஏற்றுக்கொண்டு, பகிரங்க எச்சரிக்கையோடு விட்டது. ஆனாலும் அவர் ஏற்படுத்திய உலக சாதனை போய்விட்டது. 90 வயதில் சைக்கிள் ஓட்டுபவரைப் பிடிக்கவா இந்த ஏற்பாடெல்லாம் என்று சிரித்தவர்கள் பலர்.

மோட்டாரைப் பொறுத்தவரை செலவு குறைந்த வழிகள் உண்டு. வெப்பக் கமரா ஒன்றுடன் ஒருவர் கடைசி ஏற்றத்தின் உச்சியில் நின்றால் போதும், அங்கே மோட்டார் சூடாக இருக்கும். முதல் 20 பேரின் சைக்கிளைத் தூக்கி நிறுத்தாலே சந்தேகம் வரும். இப்போது பல அமெச்சூர்களின் மிதிப்பானிலேயே சக்தியை அளக்கும் கருவி இருக்கிறது. கால் கொடுத்த சக்தியையும், அந்த ஏற்றத்தை அந்த வேகத்தில் ஏறத் தேவையான சக்தியையும் ஒப்பிட்டால் இடைவெளி வெளிப்படும். ஆனால் இதைச் செய்ய அமைப்பாளர்கள் தமது வாடிக்கையாளரைச் சந்தேகிக்க வேண்டும். காசு கட்டி வருபவர்களைச் சோதிப்பதில் பலருக்கும் கூச்சம். அந்தக் கூச்சம் நேர்மையாக ஓடியவரின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

மவுண்டன் பைக் வரலாற்றிலேயே இதற்கு ஒரு முகம் உண்டு. சுவிஸ் வீரர் தோமஸ் பிரிஷ்க்னெக்ட் 1990, 1991, 1992 என்று மூன்று உலக சம்பியன்ஷிப்புகளில் தொடர்ந்து இரண்டாமிடம் பெற்றவர். 1996இல் அவுஸ்திரேலியாவின் கெய்ன்ஸில் நான்காவது தடவையாகவும் இரண்டாவதாக வந்தார். வென்றவர் பிரான்ஸின் ஜெரோம் ஷியோட்டி. எந்தப் பரிசோதனையும் ஷியோட்டியைப் பிடிக்கவில்லை. 4 வருடங்களின் பின்னர், 2000ஆம் ஆண்டில், தான் ஈ.பி.ஓ. ஏற்றியிருந்ததாக ஒரு பிரெஞ்சுச் சஞ்சிகையிடம் அவர் தானாகவே சொன்னார். பதக்கத்தையும் உலக சம்பியனின் ஜேர்சியையும் பிரிஷ்க்னெக்டிடம் கொடுத்தார். மேடை இல்லை, தேசிய கீதம் இல்லை, கூட்டமும் இல்லை. அந்த ஜேர்சி அவர் கைக்கு வந்தபோது அதற்குப் பின் வேறு மூவர் உலக சம்பியனாகிவிட்டிருந்தார்கள்.